இருப்புப் பதிவேடு, பக்கம் நாற்பத்தொன்று

வெள்ளைச் சோப்பு இரண்டு.
வட்டார அலுவலகத்திலிருந்து வந்தது.
பயன்பாடு என்ற கட்டத்தில்
'கை கழுவ' என்று அச்சாகியே வந்திருக்கிறது.

புதுச் சோப்பைத் துருவியது என் முதல் தப்பு.
ஈரம் போகாத சோப்பு
துருவியின் கண்ணில் அப்பிக்கொண்டு
களி மாதிரி வழியும்.
உறையைக் கிழித்து ஜன்னலில்
நாலு நாள் காயவிட வேண்டும்.
சின்னவிளைக் காற்றில் உப்பு கூடுதல்,
இங்கே ஆறு நாள்.
இடையில் ஒரு காக்கை கொத்திப் பார்த்துவிட்டு
வெகுநேரம் அலகை ஓட்டில் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள்
காரட் துருவியின் பெரிய கண்ணில் இழுத்தேன்.
நகம் வெட்டிப் போட்டதுபோல் விழுந்தது முதலில்.
கை பழகியதும்
அசல் தேங்காய்ப்பூ.

வம்பு அதில்தான்.
உள்ளே பெர்பெத்தம்மாள்
பயற்றந்துவரனுக்குத் தேங்காய் துருவி வைத்திருந்தாள்.
பக்கத்தில் அதேபோன்ற எவர்சில்வர் தட்டில்
என் சோப்பு.
மேற்பார்வையாளர் போனில்,
பிள்ளைகளின் எடை எடுத்தாயிற்றா என்கிறார்.
ஆச்சு மேடம், ஆச்சு என்று திரும்பினால்
ஒரு கைப்பிடி வெள்ளை
சட்டிக்கு மேலே நிற்கிறது.
மூக்குதான் காப்பாற்றியது அவளை.
"டீச்சர், தேங்காய்க்கு எப்பம்
பிச்சிப்பூ மணம் வந்துது?"

இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு தம்ளர்,
செதில் இரண்டு தம்ளர்.
முட்டை அடிக்கும் கம்பியால் அடித்தேன்,
தோள்பட்டை தெறிக்க.
முழங்காலில் கை ஊன்றிப் பதினாலு பேர் சுற்றிலும்.
கஞ்சித்தண்ணி ஆனது,
மோர் ஆனது,
பிறகு நிற்கத் தெரிந்த நுரை ஆனது.
கரண்டியை நட்டு வைத்தேன், சாயவில்லை.
யாரோ கைதட்டினார்கள்.

ஒரு கிண்ணத்துக்கு மஞ்சள் நிறம் வேண்டும் என்று
சமையல் மஞ்சள்பொடியைத் தூவிக் கிளறினேன்.
மஞ்சளாகவில்லை.
செங்கல் நிறமாகி, இன்னும் சிவந்து
என்னைப் பார்த்தது.
"அதுக்குக் கோவம் வந்திட்டு" என்றாள் ஜெர்ஷா.
"ஆரத்தி எடுக்கப் போறியளா" என்றாள் பெர்பெத்தம்மாள்.
பயிற்சிக் கையேட்டில் இது இல்லை.

அப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை.
கறுப்பு அட்டைகளைப் பரப்பி
ஓரமாய் உட்கார்ந்தேன்.
ஷெர்லின் ஒற்றை விரலால் தொட்டு
அந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி
அறை முழுக்க நடந்தாள்.
அபினேஷ் முழங்கைவரை விட்டுக்
கண்ணை மூடிக்கொண்டான்.
அஜின் நிக்கர் பையிலிருந்து மணல் எடுத்தான்.
எங்கள் கரையில் மணல் கறுப்பு.
பாடப்படத்தில் கடற்கரை மஞ்சளாய் இருந்தால்
தப்பு டீச்சர் என்று அடித்துவிடுவான்.
நுரையை நீளமாய் இழுத்து
கீழே கறுப்பைத் தூவினான்.
கடலா என்றேன்.
"புட்டு" என்றான்.

ஸ்டெபின் என்று ஒருவன்.
தினமும் விரல்நுனி மட்டும் நனைத்துவிட்டுக்
கழுவியாச்சு என்று சாதிப்பான்.
அன்றைக்கு முக்கால் மணி நேரம் அளைந்தான்.
இடது உள்ளங்கையில்
அவனுக்கு ஒரு மச்சம் இருக்கிறது.
ஜூனிலிருந்து வருகிறான்,
இன்றுதான் பார்க்கிறேன்.

அட்டைகள் மறுநாள் காய்ந்து
பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தன.
உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி
துணி துவைக்கக் கொண்டுபோனாள் பெர்பெத்தம்மாள்.
தரை மூன்று முறை வழுக்கியது,
இரண்டு முறை எனக்கு.

பதிவேட்டைத் திறந்தேன்.
வெள்ளைச் சோப்பு, வரவு இரண்டு, செலவு இரண்டு.
பயன்பாடு: கை கழுவ.
ஸ்டெபினை நினைத்துக்கொண்டு
கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை துவரன் பரிமாறினோம்.
ஜெர்ஷா குனிந்து முகர்ந்தாள்.
"இதில சோப்பு இருக்கா டீச்சர்?"
இல்லை மக்கா, தேங்காய்தான் என்றதும்
முகம் விழுந்துவிட்டது பிள்ளைக்கு.